அந்தமான் போவதா வேண்டாமா என்று தவித்த மூன்று வாரம்

2021 ஜனவரி கடைசியில் டிக்கெட் போட்டோம். அப்போது தமிழ்நாட்டில் தினசரித் தொற்று ஐந்நூறு சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. கொரோனா போயே போய்விட்டது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. நாங்கள் தாம்பரத்தில் இருக்கிறோம். கணவர் மத்திய அரசு ஊழியர். எல்டிசியில் (அரசு ஊழியர்களுக்கான விடுமுறைப் பயணச் சலுகை) அந்தமானுக்கு விமானத்தில் போய்வர அவர்களுக்குச் சிறப்பு அனுமதி இருந்தது. அவர் அலுவலகத்தில் பலர் ஏற்கெனவே போய்வந்துவிட்டார்கள். 2018-21 என்ற நாலாண்டுக் கணக்கில் எங்களுடையது மட்டும் பாக்கி. மகளுக்கு அப்போது பதினொரு வயது, மகனுக்கு ஆறு. இருவரும் பத்து மாதமாக ஆன்லைன் வகுப்பில் முடங்கிக் கிடந்தார்கள். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அறுபத்தெட்டு. விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு நெடுநாள் ஆசை.

ஏப்ரல் 15 விடிகாலை சென்னையில் ஏறினால் இரண்டே கால் மணி நேரத்தில் போர்ட் பிளேர். அங்கே இரண்டு இரவு, ஹேவ்லாக்கில் இரண்டு, நீல் தீவில் ஒன்று, 20ஆம் தேதி திரும்பல் என்று திட்டம். (இந்த இரண்டு தீவுக்கும் 2018இல் ஸ்வராஜ் தீப், ஷஹீத் தீப் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பேச்சில் மட்டும் பழைய பெயர்தான் ஓடுகிறது.) வெளியிலிருந்து வருபவர்கள் 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் நெகட்டிவ் சான்றோடு இறங்க வேண்டும் என்பது அன்றைய விதி. அதைத் தவிர வேறு சிக்கல் இருக்கும் என்று ஜனவரியில் எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் நடுவில் எண்ணிக்கை மறுபடி ஏறத் தொடங்கியது. மாதக் கடைசியில் இரண்டாயிரத்தைத் தாண்டியது. வீட்டில் பேச்சும் அப்போதுதான் ஆரம்பித்தது. போகலாம் என்பது கணவரின் கட்சி. மாஸ்க் போடுவோம், கூட்டம் இருக்கும் இடத்துக்குப் போக மாட்டோம், தீவில் தொற்று குறைவு, சொல்லப்போனால் சென்னையைவிட அங்கே இருப்பதுதான் பத்திரம் என்றார். அத்தைக்கு மார்ச்சில் முதல் டோஸ் போட்டாயிற்று. "எனக்குத்தான் ஊசி போட்டாச்சே, அப்புறம் என்ன?" என்று அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என்னால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ராத்திரியானால் தூக்கம் வராது. போனால் நமக்கு வந்துவிடுமா, வராதா என்று மனசு அதையே சுற்றிச் சுற்றி வரும்.

இரண்டு வாரம் அப்படிப் போன பிறகுதான் கேள்வியே தப்பு என்று புரிந்தது. வருமா வராதா என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அதை வைத்துக்கொண்டு முடிவும் எடுக்க முடியாது. வந்துவிட்டால் அடுத்த பதினாலு நாள் எங்கே இருப்போம், யார் பார்த்துக்கொள்வார்கள், எவ்வளவு செலவாகும் என்றால், அதற்குப் போன் போட்டுக் கேட்டால் பதில் கிடைக்கும். தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றின் பின்பக்கம் அந்தக் கேள்விகளை எழுதினேன். அத்தையின் சர்க்கரை மாத்திரை எத்தனை நாளுக்கு எடுத்துப்போவது? கணவருக்கு எத்தனை நாள் லீவு மிச்சம்? பிள்ளைகளில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராவிட்டால் யார் யாரோடு தங்குவது? அங்கே தங்கும் விடுதி நம்மை வைத்துக்கொள்ளுமா? கடைசியாக ஒன்று: மூச்சு முட்டினால் எந்த ஆஸ்பத்திரி?

முதலில் டூர் ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். "அதெல்லாம் வராது மேடம், நாங்க டெய்லி குரூப் அனுப்பிட்டுத்தான் இருக்கோம்" என்றார். வந்தால் என்ன செய்வீர்கள் என்று மூன்று முறை வேறு வேறு விதமாகக் கேட்டேன். மூன்று முறையும் வராது என்றே சொன்னார். ரத்து செய்தால் பணம் எவ்வளவு திரும்பும் என்றதற்கு மட்டும் சட்டென்று பதில் வந்தது: விடுதி முன்பணத்தில் பாதி போய்விடும், சர்வீஸ் சார்ஜ் திரும்பாது. ஒப்பந்தத் தாளின் நாலாவது பக்கத்தில் பொடி எழுத்தில் அது இருந்தது. ஜனவரியில் நான் அந்தப் பக்கத்தைத் திருப்பியே பார்க்கவில்லை. பயணக் காப்பீட்டுத் தாளையும் அன்றுதான் முழுசாகப் படித்தேன். நாமே பயந்து ரத்து செய்தால் அதில் ஒன்றும் கிடைக்காது. பணம் கட்டுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய அரை மணி நேர வேலை இது. யார் பயணம் போவதாகச் சொன்னாலும் இப்போது நான் முதலில் கேட்பது, ரத்து விதியைப் படித்தாயிற்றா என்பதுதான்.

எல்டிசி விஷயத்திலும் பயந்து ஏமாற இருந்தோம். 2021 டிசம்பருக்குள் போகாவிட்டால் சலுகை போய்விடும் என்று கணவரின் நண்பர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் நிர்வாகப் பிரிவில் போய்க் கேட்டபோது, விட்டுப்போன பயணத்தை அடுத்த கணக்கின் முதல் ஆண்டில், அதாவது 2022 முடிவதற்குள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், நாங்கள் வாங்கவில்லை. அந்தப் பதிலைக் கேட்டு அவர் வீட்டுக்கு வந்த சாயங்காலம் எங்கள் பேச்சின் தொனியே மாறிவிட்டது. இப்போதே போயாக வேண்டும் என்கிற நெருக்கடியில் பாதி, யாரோ சொன்னதை நம்பி நாங்களே உண்டாக்கிக்கொண்டது.

அப்புறம் 48 மணி நேரக் கணக்கு. சுலபம் என்று நினைத்ததுதான் எங்களை அதிகம் படுத்தியது. அந்த 48 மணி நேரம் சளி மாதிரி எடுத்த நேரத்திலிருந்தா, ரிசல்ட் வந்த நேரத்திலிருந்தா? இரண்டு பேரிடம் கேட்டேன், இரண்டு விதமாகச் சொன்னார்கள். சரி, மாதிரி எடுத்த நேரம் என்றே வைத்துக்கொள்வோம் என்று கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை காலை எட்டே காலுக்கு இறங்குகிறோம். அப்படியானால் செவ்வாய் காலை எட்டே காலுக்குப் பிறகுதான் மாதிரி கொடுக்க வேண்டும். ரிசல்ட் வர ஒரு நாள் என்றார்கள். தொற்று ஏறிக்கொண்டிருந்ததால் ஒன்றரை நாளும் ஆகலாமாம். புதன்கிழமை சித்திரை முதல் நாள், லேப் மதியம்வரைதான். வியாழன் விடிகாலை நாலு மணிக்கெல்லாம் ஏர்போர்ட்டில் நிற்க வேண்டும். ஐந்து பேருக்குத் தலைக்கு 1,200 ரூபாய் வீதம் 6,000 ரூபாய். ஐந்து ரிசல்ட்டில் ஒன்று தாமதமானாலும் அந்த ஒருவர் ஏற முடியாது. அந்த ஒருவர் பிள்ளையாக இருந்தால் இன்னொருவரும் நின்றுவிட வேண்டும். நாள் பார்த்து டிக்கெட் போடும்போது விடுமுறைக்கு மறுநாள் கிளம்புவது நல்லது என்று நினைத்திருந்தோம். சோதனைச் சான்று கேட்கும் காலத்தில் அதைவிட மோசமான நாள் கிடையாது. வேலைநாள் இரண்டு முன்னால் இருக்கிற மாதிரி, மதியத்துக்கு மேல் கிளம்பும் விமானமாகப் பார்க்க வேண்டும்.

பயணத் திட்டத்திலிருந்து நான் முதலில் அடித்தது பாரடாங். சுண்ணாம்புக் குகை பார்க்கப் போகும் இடம் அது. எல்லா ஏஜெண்டும் சேர்த்துவிடுவார்கள். போர்ட் பிளேரிலிருந்து அங்கே போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தை ஊடுருவிப் போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசையாகச் சேர்த்துக் காவலோடு அனுப்புவார்கள். மொத்த ஜாரவாக்கள் சில நூறு பேர்தான். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2020 ஆகஸ்டில் வேறொரு இனமான கிரேட் அந்தமானியரில் பத்துப் பேருக்குக் கொரோனா வந்தது. அந்த இனத்தில் மிச்சமிருப்பதே ஐம்பது சொச்சம் பேர். நல்லவேளை, தேறிவிட்டார்கள். இதைப் படித்துவிட்டு மகளிடம் சொன்னேன். "அப்ப நாம அந்த வழியா போக வேண்டாம்மா" என்றாள். அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. பாரடாங்கை அடித்துவிட்டோம்.

அதை அடித்த கையோடு அடுத்த கேள்வியும் வந்தது. அந்தச் சாலை மட்டும்தானா? தீவு முழுவதும் அப்படித்தானே? 2011 கணக்குப்படி அந்தமான் நிக்கோபார் மொத்த மக்கள்தொகையே மூன்று லட்சத்து எண்பதாயிரம். பெரிய சிகிச்சைக்கு எல்லாத் தீவுக்காரர்களும் நம்பியிருப்பது போர்ட் பிளேரில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனையை. அதையும் மீறினால் கடல் தாண்டி ஏறக்குறைய 1,350 கிலோமீட்டர் சென்னைக்கு வர வேண்டும். லட்சத்தீவில் நடந்ததும் அப்போது கண் முன்னால் இருந்தது. 2020 முழுக்க அங்கே ஒரு தொற்றுகூட இல்லை. கொச்சியிலிருந்து கப்பலேறுபவர்கள் தனிமையில் இருந்துவிட்டுத்தான் வர வேண்டும் என்ற கட்டுப்பாட்டை டிசம்பரில் தளர்த்தினார்கள். 2021 ஜனவரி 18இல் முதல் தொற்று பதிவானது. தீவுக்குத் தொற்று தானாக முளைத்து வருவதில்லை. யாராவது கொண்டு போனால்தான் உண்டு.

ஆனால் இதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அநியாயம். சுற்றுலாவை நம்பி அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. 2020 மார்ச்சிலிருந்து பல மாதம் ஒரு சுற்றுலாப் பயணிகூட இல்லாமல் கிடந்தவர்கள் அவர்கள். நாம் வராமலிருப்பது அவர்களுக்கு நல்லதா கெட்டதா என்பதை இங்கே வீட்டில் உட்கார்ந்துகொண்டு நானே தீர்மானித்தால் எப்படிச் சரியாகும்? அதனால் நீல் தீவில் நாங்கள் பிடித்திருந்த ஹோம்ஸ்டே தம்பிக்கே நேரடியாகப் பேசினேன். சட்டமன்றத் தேர்தல் முடிந்த இரண்டாம் நாள், ஏப்ரல் 8 ராத்திரி. ஏஜெண்டைத் தாண்டி நாங்களாகப் பிடித்த ஒரே இடம் அதுதான். அவருடைய தாத்தா ராமநாதபுரத்திலிருந்து போர்ட் பிளேர் போய்க் குடியேறியவர். தமிழில் கொஞ்சம் இந்தி வாடை அடிக்கும்.

"தம்பி, வரலாமா வேண்டாமான்னு குழப்பமா இருக்கு. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அக்கா, வாங்கன்னு சொல்லத்தான் ஆசை. இந்த சீசன்ல உங்களோட சேத்து ஆறே புக்கிங்தான். ஆனா ஒண்ணு கேக்கறேன், வயசானவங்க யாராவது வராங்களா?"

அத்தையைச் சொன்னேன். சர்க்கரையையும் சொன்னேன்.

"இங்க ஆரம்ப சுகாதார நிலையம் ஒண்ணு இருக்கு. காய்ச்சல், வயித்து வலின்னா பாத்துக்குவாங்க. ராத்திரி யாருக்காச்சும் மூச்சு முட்டுனா போட்டுல ஏத்தித்தான் போர்ட் பிளேர் கொண்டு போகணும். சாயங்காலத்துக்கு மேல போட் கெடையாது. விடியற வரைக்கும் உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கணும். என் அம்மாவுக்கே அந்தப் பயம் உண்டு அக்கா. எங்களுக்கு வேற வழி இல்ல, இங்கயே பொழைக்கிறோம். உங்களுக்கு எதுக்கு?"

அவர் சொன்னதில் கடைசி வரி என்னைச் சுட்டது. எங்களைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் என் காதில் அவருடைய அம்மாதான் விழுந்தார்கள். எங்களுக்கு ஒரு விடியும்வரை பயம், அவர்களுக்கு அது ஊர் வாழ்க்கை. எங்களில் ஒருவர் அந்தச் சுகாதார நிலையத்தின் கட்டிலில் படுத்தால், அன்றைக்கு அந்தக் கட்டில் தேவைப்படுகிற தீவுக்காரர் எங்கே படுப்பார்? போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கணவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். போனை வைத்ததும், "ஏப்ரல் ஆறாம் தேதி பூத்துல நாள் முழுக்க இருந்தேன். எத்தனை பேர் வந்து போனாங்கன்னு எனக்கே தெரியாது. நான்தான் கொண்டு போனாலும் போவேன்" என்றார். தேர்தலுக்கு அவருக்கு நுண்பார்வையாளர் பணி, அதாவது வாக்குச்சாவடியில் இருந்து கவனிக்கும் வேலை, போட்டிருந்தார்கள். அதுவரை அவர் அதைப் பற்றி யோசித்ததாகவே தெரியவில்லை.

மறுநாள் ரத்து செய்தோம். விமானக் கட்டணம் கையில் வரவில்லை. ஓராண்டுக்குள் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம், கட்டண வித்தியாசம் இருந்தால் கட்ட வேண்டும் என்றார்கள். போர்ட் பிளேர், ஹேவ்லாக் விடுதிகளின் முன்பணத்தில் பாதி போயிற்று. சர்வீஸ் சார்ஜும் போயிற்று. எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய் சொச்சம் நஷ்டம். நீல் தீவுத் தம்பிக்கு 4,000 அனுப்பியிருந்தோம். வராதவர்களுக்குத் திருப்பித் தருவதாக அவர் எங்கேயும் எழுதிக் கொடுக்கவில்லை. அதை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்போது கழித்துக்கொள்ளலாம் என்று செய்தி அனுப்பினேன். ராத்திரி பத்து மணிக்கு ஜிபேயில் முழுப் பணமும் திரும்ப வந்துவிட்டது. "அப்புறம்ங்கறது எப்பன்னு யாருக்கும் தெரியாது அக்கா, உங்க காசு உங்ககிட்ட இருக்கட்டும்" என்று கீழே எழுதியிருந்தார். மகன் அழுதான். அத்தை இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

எங்கள் தெருவில் இன்னொரு குடும்பம் அதே வாரம் போனது. நல்லபடியாகப் போய், நல்லபடியாக வந்தார்கள். ராதாநகர் கடற்கரையில் எடுத்த படங்களை அனுப்பினார்கள். பார்த்தபோது எனக்கு வயிறு எரியத்தான் செய்தது. அவர்கள் பத்திரமாக வந்ததால் நாங்கள் எடுத்தது தப்பு என்று ஆகிவிடாது. அவர்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் எங்களுடையது சரி என்றும் ஆகியிருக்காது. கையில் இருந்த தகவலை வைத்து, கேட்க வேண்டியவர்களிடம் கேட்டு எடுத்தோம். அந்தத் தெளிவு இருந்ததால்தான் படங்களைப் பார்த்த பிறகும் கணவரோடு சண்டை வரவில்லை என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 20இல் இரவு ஊரடங்கு. நாங்கள் திரும்பியிருக்க வேண்டிய நாள் அது. மே 10இலிருந்து முழு ஊரடங்கு. அந்த வாரம்தான் அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. எங்கிருந்து என்று இன்றுவரை தெரியாது. ஐந்தாம் நாள் ராத்திரி ஆக்சிமீட்டரில் 95 இருந்தது. பன்னிரண்டு மணிக்கு 93, இரண்டு மணிக்கு 91. குப்புறப் படுக்கவைத்து முதுகைத் தடவிக்கொண்டே கணவர் ஆம்புலன்சுக்குப் பேசினார். அரசு ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்கு முன்னால் ஒன்பது ஆம்புலன்ஸ் நின்றது. நாலரை மணி நேரம் வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன் கொடுத்து வைத்திருந்தார்கள். பிறகு படுக்கை கிடைத்தது. பதினோரு நாளில் வீட்டுக்கு வந்தார்கள். இதை எழுதும்போதுகூட கை நடுங்குகிறது. அந்த நாலரை மணி நேரமும் நான் வீட்டில் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, சாயங்காலத்துக்கு மேல் போட் கிடையாது என்று அந்தத் தம்பி சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தமான் போனோம். 2022 பிப்ரவரியில், ஒமிக்ரான் அலை இறங்கிய பிறகு. தீவுகளில் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இரண்டு டோஸும் போட்டு முடித்துவிட்டதாக முந்தைய டிசம்பரிலேயே அறிவித்திருந்தார்கள். நாங்கள் மூன்று பெரியவர்களும் போட்டிருந்தோம். பிள்ளைகளுக்கு இன்னும் ஊசி வராத நேரம் என்பதால் ஐந்து பேருமே சோதனை எடுத்துக்கொண்டோம். இந்த முறை வெள்ளிக்கிழமை மதிய விமானம். அத்தைக்கு ஒரு மாத மாத்திரை, ஆக்சிமீட்டர், ரத்து செய்தால் முழுப் பணம் தரும் விடுதி. தங்கும் செலவுக்கு மேல் ஒரு 40,000 ரூபாயைத் தனியாக ஒதுக்கி, எடுக்காமல் வைத்திருந்தோம். பாரடாங் இந்தத் தடவையும் இல்லை, இனியும் இல்லை.

நீல் தீவுப் படகுத்துறையில் அந்தத் தம்பி வந்து நின்றார். குரலை வைத்து இன்னும் பெரிய ஆளாக நினைத்திருந்தேன். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். வீட்டுக்குப் பின்னால் முன்பு கூடாரம் போட வைத்திருந்த இடம் முழுக்கக் கத்தரியும் வெண்டையுமாக இருந்தது. நீல் தீவு எப்போதுமே காய்கறிக்குப் பேர்போன இடம். விருந்தாளி இல்லாத காலத்தில் அவரும் அதில் இறங்கிவிட்டாராம். அவருடைய அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை நேராகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டு பேரும் சர்க்கரைக்கு என்ன மாத்திரை என்பதில் ஆரம்பித்தார்கள்.

மறுநாள் காலை தண்ணீர் வற்றியிருந்த நேரம் பார்த்து பரத்பூர் கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். திரும்பி வந்து பார்த்தால் அத்தை இன்னும் அதே திண்ணையில்தான். கடலைப் பார்க்க வரவில்லையா என்று கேட்டேன். "விமானத்துல இருந்தே பாத்துட்டேன். நீ போய்க் குளி, இவங்க கத்தரிக்காய் கொழம்பு வெக்கிறாங்க" என்றார்கள்.